ரலம்பு போட்ட கையெழுத்து

பானை வார்க்கும் ரலம்பு, பஞ்சத்தில் கிடந்த தெற்கத்திச் சனங்களுக்கு எண்பது லட்சம் ஆரியாரி கடன்பட்டிருந்தார். அரிசியாகச் சொன்னால் நூற்று அறுபது மூட்டை. அந்தப் பணத்தில் ஒரு தாளைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கடன் அவருடையதுதான். காகிதத்தில் அவர் கையெழுத்து இருந்தது.

தலைநகரான அந்தனனரிவில், இசுத்ரி சந்தைக்குப் பின்னால், ரயில் பாதையோரம் அவருடைய பட்டறை. பதினோரு வயதில் செருப்பில்லாமல் தலைநகருக்கு நடந்து வந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. குப்பைமேட்டில் பொறுக்கிய அலுமினியத்தை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, முதல் பானையைத் தானே தலையில் சுமந்து விற்றார். முப்பது வயதுக்குள் மூன்று உலை, ஆறு ஆள். எனக்கு எவனும் ஒரு கரண்டிகூடக் கொடுத்து உதவவில்லை என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போகும். ஆனால் அது பொய்யில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் சோறு வேகிறது அவர் வார்த்த பானையில்தான்.

பகலெல்லாம் பானை, பொழுது சாய்ந்தால் டிரம்ஸ். ஹெவி மெட்டல் என்றாலே பெரியவர்கள் பேய்ப் பாட்டு என்று காதைப் பொத்திக்கொண்ட காலத்தில், தலைநகரில் முதலில் குழு கட்டிய நாலைந்து பேரில் ரலம்புவும் ஒருவர். டிரம்ஸ் வாங்கக் காசில்லை. தன் உலையிலேயே வளையம் வார்த்து, லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டி அடித்தார். உலைச் சத்தத்திலும் டிரம்ஸ் சத்தத்திலும் இடது காது போயிற்று. ஐம்பது வயதிலும் கறுப்புத் தோல் சட்டை, தோள் வரைக்கும் நரைத்த முடி. சந்தையில் பொம்பளைகள் கிண்டல் பண்ணுவார்கள். ‘பண்ணுங்க, பானையை மட்டும் எங்கிட்ட வாங்குங்க’ என்பார்.

குழுவின் பாடகன் ரீவு. ரலம்புவை விட எட்டு வயது இளையவன். தகப்பன் இல்லாத பையனாக வந்து பட்டறைத் திண்டில் படுத்துக் கிடந்தவன். ரலம்புவுக்கு ஒரே மகள் நீரினா, ஆண் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. குழு ஆரம்பித்த வருடமே இரண்டு பேரும் ரத்தச் சகோதரர்கள் ஆனார்கள். நெஞ்சுக்குழியில் கீறி, இஞ்சித் துண்டில் ரத்தம் தொட்டு, இவன் ரத்தத்தை அவர் தின்ன, அவர் ரத்தத்தை இவன் தின்ன, பெரியவர்கள் முன்னால் ஆணை இட்டார்கள். அந்த ஆணைக்குப் பிறகு ஒருவன் மற்றவனைச் சபை முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வயிற்றில் இருக்கும் ரத்தம் கேட்கும். எங்கள் ஊரில் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள். ரத்தச் சகோதரர்கள் போகமாட்டார்கள்.

பழைய ஃபிராங்க் பணத்தை ஒழித்து ஆரியாரி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அப்போது தெற்கில் மழை பொய்த்தது. கெரெ என்பார்கள் அந்தப் பக்கத்தில், ஆளை விழுங்கும் பஞ்சத்தை. சப்பாத்திக்கள்ளியை முள் சுட்டுத் தின்றுவிட்டு, அதுவும் தீர்ந்தபின் புளியைச் சாம்பலில் பிசைந்து தின்கிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். பதினோரு மெட்டல் குழுக்கள் ஒன்றுகூடி, ஒரு ஆல்பம் போட்டு, வரும் காசை அப்படியே அரிசியாக அனுப்புவதென்று முடிவாயிற்று. யோசனை ரீவுவுடையது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பழைய நூல் மில்லின் கூடம் ஒன்றில் பதிவு நடந்தது. கரண்ட் வரும், போகும். வரும்போது பாட்டு, போகும்போது சண்டை. பதினோரு பாடகர்கள் ஒரே பாட்டில் ஆளுக்கு ஒரு வரி. யார் வரியில் அதிக நேரம் அலறுவது என்று போட்டி. கிடார்காரர்கள் அதைவிட மோசம். ஆளாளுக்குத் தனியாக வாசிக்க அரை நிமிடம் என்று ஒதுக்கினால் ஒருவனும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்து இறங்கவில்லை. ரலம்புதான் கரண்டியால் டிரம்ஸ் வளையத்தில் தட்டி நிறுத்துவார்.

கூடத்துக் காவல்காரன் ரெமுஞ்சா, தெற்கத்தி ஆள். அம்புவும்பே பக்கத்தில் ஒரு கிராமம். தலைநகரில் காவல் வேலைக்கு அவர்களைத்தான் வைப்பார்கள், ஈட்டி பிடித்த பரம்பரை என்று. பஞ்சத்தில் கிடந்தது அவனுடைய அம்மாவும் அக்கா பிள்ளைகளும். ஒருநாள் பாட்டு முழுசாகக் கேட்டு முடித்ததும் ரலம்பு அவனைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. ஆனா பசி இவ்வளவு சத்தம் போடாது.”

கிடார்காரப் பையன்கள் சிரித்தார்கள். ரலம்பு சிரிக்கவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு காலிப் பானையைக் கொண்டுவந்தார். பாட்டின் கடைசியில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தச் சொல்லி, அந்தப் பானையை மட்டும் கரண்டியால் மெல்லத் தட்டினார். பன்னிரண்டு தட்டு. அவ்வளவுதான். ஆல்பம் வெளிவந்ததும் சனங்கள் பேசியது அந்தப் பன்னிரண்டு தட்டைப் பற்றித்தான். பதினோரு பாடகர்களுக்கும் அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

காசு வந்தது. கச்சேரி டிக்கெட், சிடி விற்பனை, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பியது எல்லாம் ரீவு கையில் சேர்ந்தது. செலவழித்து அரிசி வாங்கும் பொறுப்பு ரலம்புவுக்கு. ‘அண்ணே கையெழுத்து இருந்தா எவனும் கேள்வி கேக்கமாட்டான்’ என்று ரீவு சொன்னான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ரலம்புவுக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூணாங்கிளாஸ் படித்தவன் பதினோரு குழுவுக்கும் பொக்கிஷதார் என்று மனைவி ஹன்தாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அதன் பிறகு நடந்தது எங்கள் நாட்டில் மட்டும்தான் நடக்கும். ஐந்து ஃபிராங்க் ஒரு ஆரியாரி. சர்க்கார் கணக்கு ஆரியாரியில். ஆனால் சந்தைக்குப் போனால் இன்றைக்கும் தக்காளிக்காரி ஃபிராங்கில்தான் விலை சொல்வாள். ரலம்புவின் தலைக்குள் ஓடிய கணக்கு முழுக்க ஃபிராங்க். மூவாயிரம் ஆரியாரிப் பானையைப் பதினைந்தாயிரம் என்றுதான் சொல்லி விற்பார். புதுத் தாளில்கூட ஆரியாரிக்குக் கீழே ஃபிராங்க் கணக்கைச் சின்னதாக அச்சடித்திருந்தார்கள், அவரைப்போன்ற ஆட்களுக்காக.

கூடத்து வாசலில் காவல் அறை. அங்கே இருந்த மேசையில் வைத்து ரீவு பணத்தைக் கொடுத்தான். பத்தாயிரம் ஆரியாரித் தாள், இருநூறு. ரலம்பு எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். தாளுக்கு ஐம்பதாயிரம் ஃபிராங்க். இருநூறு தாளுக்கு ஒரு கோடி.

“எவ்வளவுண்ணே?”

“ஒரு கோடி. சரியா இருக்கு.”

“அப்ப இதுல ஒரு கையெழுத்து.”

காகிதத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஏழு சுழி இருந்தது. ரலம்பு சுழிகளை எண்ணினார். சுழிக்குப் பின்னால் இருந்த இரண்டு எழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தம்பி நீட்டிய காகிதத்தை உற்றுப் படிப்பது கேவலம் என்று நினைக்கிற ஆள் அவர். கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளியும் வைத்தார்.

அன்று சாயங்காலமே பட்டறை வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். ஒரு கோடி, என் கையில், நான் எண்ணினது. தெருவே கேட்டது.

நாற்பது மூட்டை அரிசி வாங்கினார். ஒரு மூட்டைக்குக்கூடத் தரகு கொடுக்கவில்லை, பேரம் பேசியே கடைக்காரனை அழவிட்டார். பாட்டுப் பித்துப் பிடித்த ஒரு லாரிக்காரன் வாடகை இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனான். கூடவே ரெமுஞ்சாவும் போய், கிராமத்தில் இறக்கி, தலையாரியின் கைநாட்டு வாங்கி வந்தான். நாற்பது மூட்டை என்று அதில் இருந்தது.

துஜு என்று ஒரு கிடார்காரப் பையன், கல்லூரியில் கணக்குப் படிக்கிறவன். கைநாட்டுச் சீட்டையும் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டான். கூட்டம் கூடிற்று.

எங்கள் ஊரில் ஒருவனைத் திருடன் என்று சொல்வதற்கு முன்னால் அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்பார்கள். துஜுவும் அப்படித்தான் ஆரம்பித்தான். தான் வயதில் சிறியவன், பெரியவர்கள் முன்னால் நிற்கக்கூடத் தகுதி இல்லாதவன், மூதாதைகள் பொறுக்கட்டும், இருப்பவர்கள் பொறுக்கட்டும், ரலம்பு அண்ணன் தட்டிய பானையால்தான் ஆல்பத்துக்கே பெயர் வந்தது. ரலம்பு தனக்கு ஏதோ பாராட்டு வரப்போகிறது என்றே நினைத்தார். தோல் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாப்பது மூட்டை இருபது லட்சம் ஆரியாரி. அண்ணன் வாங்குனது ஒரு கோடி ஆரியாரின்னு ரசீது இருக்கு. மிச்சம் எண்பது லட்சம் எங்க இருக்குன்னு தெரிஞ்சா எங்க மனசு ஆறும்.”

ரலம்பு ரசீதைக் கேட்டு வாங்கினார். இப்போதுதான் ஆரியாரியைக் குறிக்கும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தார். அதன் பிறகு ரீவுவைப் பார்த்தார். ரீவு தன் விரல் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நீ சொல்லு.”

ரீவு எழுந்து நின்று, மெதுவாக, மரியாதையாகச் சொன்னான். “அண்ணன் எண்ணித்தான் வாங்குனாரு. ரெண்டு தடவ எண்ணுனாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் ரலம்புவை அறுத்தது. இருபத்தைந்து வருடம் ஒரே தட்டில் சோறு தின்றவன், அண்ணனின் தலைக்குள் எந்தக் கணக்கு ஓடும் என்று தெரிந்துவைத்து, அதற்குத் தகுந்தாற்போல் காகிதம் எழுதியிருக்கிறான். முன்பின் தெரியாத திருடனால் இதைச் செய்திருக்க முடியாது. கூடவே படுத்து எழுந்தவனுக்குத்தான் முடியும்.

அவருக்கு முன்னால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் ஃபிராங்கில் எண்ணினேன், காகிதத்தைப் படிக்கவில்லை, என் தம்பி என்னை ஏமாற்றினான் என்று சொல்வது. முதல் இரண்டைச் சொல்ல அவருடைய கர்வம் விடவில்லை. பதினோரு குழுவுக்கும் பொக்கிஷதார், தக்காளிக்காரியைப் போலக் கணக்குப் பார்த்தார் என்று நாளைக்குச் சந்தை சிரிக்கும். மூன்றாவதைச் சொல்ல வயிற்றில் கிடந்த ரத்தம் விடவில்லை. போதாக்குறைக்கு, ஒரு கோடி, ஒரு கோடி என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தது அவர் வாயேதான்.

“கையெழுத்து என்னோடது. அப்ப கடனும் என்னோடது. குடுத்துடறேன்.”

கூட்டம் கலைந்தது. அவர் ஒத்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

வீட்டில் ஹன்தாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். அவள் விடிகாலையில் அரிசிப் பணியாரம் சுட்டு விற்கிறவள். நாலு காசின் அருமை தெரிந்தவள். முகத்தில் அறைந்தாற்போல் கேட்டாள்.

“நீரினா அப்பா, திருடுனவன் வேன் வாங்கி ஓட்டுறான். நீங்க ஏன் கட்டணும்?”

“எம் பேருக்கு.”

“அந்தப் பேரை வச்சு ஒரு படி அரிசி குடுப்பானா கடைக்காரன்?”

“இதுவரைக்கும் குடுத்திருக்கான்.”

அவள் பானையின் அடிக்காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, குடிக்க அவர் பக்கம் தள்ளினாள். பத்து நாள் பேச்சு இல்லை.

முதல் மாதம் டிரம்ஸை விற்றார். தன் கையால் வார்த்த வளையங்கள். வாங்கியவன் ஒரு மண்டபக்காரன். இரண்டாம் மாதம் ஒரு உலையை விற்றார். ஆள் ஆறு மூன்றாயிற்று. அதன் பிறகு விற்க ஒன்றும் இல்லை, உழைப்புதான். மாதம் பிறந்தால் ரெமுஞ்சா பட்டறைக்கு வருவான். ரலம்பு ஒரு லட்சமோ, முடிந்தால் கொஞ்சம் கூடவோ கொடுப்பார். அவன் அதை அரிசியாக்கி, ஊருக்குப் போகும் லாரியில் ஏற்றிவிடுவான். மழை பெய்த வருடம் விதையாக, ஆடாக வாங்கி அனுப்பினார்கள். எத்தனை மூட்டைக்கான காசு போயிற்று என்று ரலம்பு கரியால் பட்டறைச் சுவரில் கோடு போட்டு வைத்தார். எழுதப் பிடிக்கவில்லை, கோடுதான்.

இப்படி ஆறு வருடம். இதற்கிடையில் ஆல்பம் இன்னொரு தடவை அச்சாகி வந்தது. அட்டையில் ரீவுவின் முகம். டாக்சிக்குள் அந்தப் பாட்டு ஓடும். கடைசியில் பானையின் பன்னிரண்டு தட்டு வரும்போது ரலம்பு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவார், கேட்காத இடது காது பாட்டுப் பக்கம் வருகிற மாதிரி. சந்தையில் பானை வாங்கும் பொம்பளைகள் கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. திருடனிடம் யார் விளையாடுவார்கள்? இரண்டு மூன்று பேர், தோல் சட்டை போட்டு அரிசி தின்ற எலி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்.

ரீவு ஒரே ஒரு தடவை வந்தான். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். குழுவுக்கு முப்பதாம் வருடக் கச்சேரி, அண்ணன் இல்லாமல் நன்றாக இருக்காது, பழசையெல்லாம் மனசில் வைக்க வேண்டாம் என்றான். ரலம்பு உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடிக்கிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

“எவ்வளவு குடுப்ப?”

ரீவுவுக்கு முகம் மலர்ந்தது. “அண்ணன் கேட்டது.”

“கேக்கறது இருக்கட்டும். எதுல குடுப்ப, ஃபிராங்கா, ஆரியாரியா?”

ரீவு நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு போனான். ரலம்பு அவனை ஏசியது அவ்வளவுதான், இந்த ஆறு வருடத்தில்.

கடைசித் தவணைக்கு மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆரியாரி. பன்னிரண்டு தாள். ரெமுஞ்சா வருகிற நாளன்று ரலம்பு காலையிலேயே குளித்து, பெட்டிக்குள் கிடந்த தோல் சட்டையை எடுத்துப் போட்டிருந்தார். ஹன்தா பணியாரம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள். சுவரில் கடைசிக் கோடுகளைப் போடக் கரித்துண்டு தயாராக இருந்தது.

ரெமுஞ்சா வந்தான். பணியாரத்தைத் தொடவில்லை. தோளில் போட்டிருந்த போர்வையை எடுத்து மடித்துக் கீழே வைத்தான். தெற்கத்தி ஆட்கள் பெரிய பேச்சுக்கு முன்னால் செய்வது அது.

“மேஸ்திரி, கடைசிக் காச மனசுல ஒன்ன மறச்சுக்கிட்டு வாங்கக் கூடாது. எங்க பக்கம் அது ஆகாது. ஒன்னு சொல்லணும்.”

“சொல்லு.”

“அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி, ரீவு அய்யா எம் முன்னாடிதான் காவல் அறையில பணத்தப் பிரிச்சாரு. ரெண்டு பை. ஒன்னு உங்களுக்கு மேசையில வச்சாரு. பெருசு இன்னொன்னு, அதக் கட்டிலுக்கு அடியில வச்சாரு. எங்கட்டில்தான். நீங்க கையெழுத்துப் போட்டப்ப அது உங்க கால்கிட்ட இருந்துச்சு.”

ரலம்பு நல்ல காதை அவன் பக்கம் திருப்பினார். சரியாகத்தான் கேட்டிருந்தது.

“கூட்டத்துல நீ கதவோரம் நின்ன.”

“நின்னேன்.”

“ஆறு வருஷமா மாசா மாசம் இங்க வந்து நிக்கிற.”

“ஆமா.”

“ஏன்டா?”

ரெமுஞ்சா தலையைக் குனியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். “சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். அது சின்ன விஷயம். சொல்லியிருந்தா கடன் அவரோடதா ஆயிருக்கும். அவரு ஒரு படி அரிசி குடுத்திருக்கமாட்டாரு, சாகுற வரைக்கும் இழுத்தடிச்சிருப்பாரு. உங்க பேர்ல இருந்தா நீங்க குடுத்துடுவீங்க. உங்கள எனக்குத் தெரியும். எங்கம்மா பொழச்சது அந்த மூணாம் மாசத்து மூட்டையிலதான்.”

ஹன்தா வாசற்படியில் நின்றாள். கையிலிருந்த பணியாரத் தட்டு அப்படியே இருந்தது. வாயைத் திறக்கப் போனவளை ரலம்பு கையமர்த்தினார்.

ரீவு அவர் தலைக்குள் இருந்த ஃபிராங்கைத் தெரிந்துவைத்து ஏமாற்றினான். இவன் அவர் கர்வத்தைத் தெரிந்துவைத்து வாங்கிக்கொண்டான். தன்னைத் தெரிந்தவர்கள் என்று சொல்ல, ஹன்தாவை விட்டால், உலகத்தில் அவருக்கு இந்த இரண்டு பேர்தான் மிச்சம். ரலம்பு சுவரைப் பார்த்தார். நூற்று ஐம்பத்தேழு கோடு. ஒவ்வொன்றும் உலைச்சூட்டில் வெந்து போட்டது.

பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

“வெளிய போய் இத நாலு பேர்கிட்ட சொல்லுவியா?”

“கேட்டாச் சொல்லுவேன், மேஸ்திரி.”

“எவனும் கேக்கமாட்டான்.”

ரெமுஞ்சா போக எழுந்தவனைப் போல அரைகுறையாக எழுந்தான். பணம் வராது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

“உக்காரு. கைய நீட்டு.”

நீட்டினான். உள்ளங்கை முழுக்க ஈட்டிக்காம்பு பிடித்த காய்ப்பு. ரலம்பு எச்சில் தொட்டு முதல் தாளை வைத்தார். பத்தாயிரம் ஆரியாரி என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டாவதை வைத்தார், இருபதாயிரம் ஆரியாரி. ஒவ்வொரு தாளுக்கும் ஆரியாரி என்ற சொல்லை அழுத்திச் சொன்னார், தெருவில் போகிறவர்கள் இரண்டு பேர் நின்று பார்க்கிற அளவுக்கு. பதினொன்று. பன்னிரண்டாவது தாளைக் கொஞ்ச நேரம் விரலுக்கிடையில் வைத்திருந்தார். அதன் பிறகு அதையும் அந்தக் கையில் வைத்தார்.

“ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆரியாரி. எண்ணிப் பாத்துக்க.”